ஊர் நுழைவாயிலில் கேமரா: வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஆடு திருடு போனாலும், கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடினாலும், போலீஸ் ஸ்டேஷனில் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி நம்பர் தெரியுமா?" என்பதுதான். குழுக் கடனில் வாங்கிய ஆடு போய்விட்டால் தவணை மட்டும் போவதில்லை. அதனால்தான் ஊர் நுழைவாயிலில் கேமரா வைக்கலாம் என்று பல குழுக்கள் பேசுகின்றன. நல்ல யோசனை. ஆனால் கேமரா இருந்தும் நம்பர் தெரியாவிட்டால் பணம் வீண்.

முதலில் நம்பர் பிளேட்டின் அளவைப் பாருங்கள். காருக்கு 50 செ.மீ. நீளம். பைக்கின் பின்பக்கம் வெறும் 20 செ.மீ. முன்பக்கம் இருப்பதோ 4.5 செ.மீ. உயரம்தான். ஆகவே பைக்கைப் பின்பக்கமாகப் படம் பிடிப்பதே நல்லது. ஊரை விட்டு வெளியே போகும் வண்டியின் முதுகைப் பார்த்து கேமராவைத் திருப்புங்கள். முன்விளக்கு வெளிச்சமும் கண்ணைக் கூசாது.

அடுத்து, படம் என்பது புள்ளிகளால் ஆனது. 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே 1920 புள்ளிகள். அது 20 மீட்டர் அகலத்தைப் பார்த்தால் பைக் பிளேட்டுக்குக் கிடைப்பது 19 புள்ளி. 4 மீட்டர் அகலத்தை மட்டும் பார்த்தால் 96 புள்ளி. அஞ்சு புள்ளி வச்சு தேர்க்கோலம் போட முடியுமா? அதே கதைதான். "இது ஊரையே காட்டும்" என்று கடைக்காரர் சொன்னால், நம்பரைக் காட்டாது என்று புரிந்துகொள்ளுங்கள். 2.8 முதல் 12 மி.மீ. வரை மாற்றக்கூடிய லென்ஸ் கேளுங்கள். 10 அடி உயரக் கம்பத்தில் வைத்து, 25 அடி தள்ளி வண்டி வரும் இடத்தைக் குறுகலாகப் பார்க்க வையுங்கள். கம்பம் அதிக உயரமானாலும், பக்கவாட்டில் அதிகம் சாய்ந்தாலும் எழுத்து நசுங்கிவிடும்.

மூன்றாவது, வேகம். 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டர் ஓடும். கேமரா ஒரு விநாடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் கண் திறந்திருந்தால் அதற்குள் வண்டி 33 செ.மீ. நகர்ந்துவிடும். எழுத்து இழுபட்டுப் போகும். 500-இல் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 2 செ.மீ.கூட இல்லை. இதற்கு ஷட்டர் வேகம் என்று பெயர். அதைக் கையால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி பிளேட்டில் பட்டு வெள்ளையாக வெளுத்துப் போவதும் இதனால் குறையும். ஆனால் மற்றதெல்லாம் இருட்டாகத் தெரியும். அதனால் ஆளையும் வண்டியையும் காட்ட இன்னொரு சாதாரணக் கேமரா வேண்டும். ஆகமொத்தம் இரண்டு.

கரண்ட் போனால் ஓட இன்வர்ட்டர், குறைந்தது 15 நாள் பதிவு நிற்கும் அளவுக்கு ஹார்டு டிஸ்க், சரியான தேதி நேரம் ஆகியவையும் அவசியம்.

இன்னொரு விஷயம், நமக்கு ரொம்ப முக்கியம். கேமரா குழாயடியையோ, குளிக்கும் இடத்தையோ, யார் வீட்டு வாசலையோ பார்க்கக் கூடாது. பதிவைத் திறக்கும் ரகசிய எண் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். யார் எப்போது பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "எம் பொண்ணு யார் வண்டியில போனா?" என்று கேட்டு வருகிறவருக்குக் காட்டக் கூடாது. போலீஸ் எழுத்தில் கேட்டால் கொடுங்கள். திருடனைப் பிடிக்க வைத்தது நம் பிள்ளைகளை வேவு பார்க்கும் கருவியாக ஆகிவிடக் கூடாது.

குழுச் சேமிப்பிலும் சுழல்நிதியிலும் இதற்காகக் கை வைக்காதீர்கள். ஊராட்சி மன்றத்தில் பேசி, கிராம சபையில் தீர்மானம் போட வையுங்கள். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குங்கள். கடைசியாக ஒன்று: ராத்திரி எட்டு மணிக்கு மேல் நம்ம ரோட்டிலேயே கேமராவைக் கட்டச் சொல்லி, நம்ம பைக் ஒன்றை ஓட விட்டுப் பாருங்கள். நம்பரைக் கூட்டிப் படிக்க முடிந்தால் பணம். இல்லையென்றால் பெட்டியை மூடச் சொல்லுங்கள்.