இலவச மென்பொருளும் அலுவலகப் பொறுப்பும்

(அரசுத் துறைகளின் கணினிப் பிரிவு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

அரசின் சேவைகள் பலவும் கணினி வழியே மக்களைச் சென்றடையும் காலம் இது. அச்சேவைகளுக்கான மென்பொருளை உருவாக்கும் பொறியாளர்கள் எக்கருவிகளைக் கையாளுகின்றனர், அவற்றை எந்த உரிமத்தின்கீழ்ப் பெற்றனர் என்பவை தொழில்நுட்பப் பிரிவு மட்டும் கருதவேண்டியவை அல்ல. பொதுப்பணத்துக்குப் பொறுப்பேற்கும் ஒவ்வோர் அலுவலரும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். கன்டெய்னர் மென்பொருள் இதற்குத் தக்க சான்று.

சரக்குப் பெட்டிகளின் அளவு உலகெங்கும் தரப்படுத்தப்பட்ட பின்னர், எந்த நிறுவனத்தின் பெட்டியையும் எந்தத் துறைமுகத்தின் பாரந்தூக்கியும் இறக்க முடிந்தது. மென்பொருளிலும் இத்தகைய மாற்றமே நிகழ்ந்தது. ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான துணைநிரல்களையும் ஒரே பொதியாகக் கட்டி, எக்கணினியிலும் ஒரே வகையாக இயங்கச் செய்வது கன்டெய்னர் முறையாகும். 2013இல் வெளிவந்த டாக்கர் இம்முறையைப் பரவச் செய்தது. 2015இல் தோன்றிய ஓப்பன் கன்டெய்னர் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பு, பொதியின் வடிவத்துக்கும் இயக்கத்துக்கும் பொதுத் தரங்களை வகுத்தது.

தரம் வேறு, விற்பனைப் பொருள் வேறு என்பதை இங்கு மறத்தலாகாது. டாக்கர் என்ஜினின் மூலநிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் எவருக்கும் கிடைக்கிறது. ஆனால் விண்டோஸ், மேக் கணினிகளில் பொறியாளர்கள் பெரிதும் விரும்பும் டாக்கர் டெஸ்க்டாப்பின் நிபந்தனைகள் 2021 ஆகஸ்டில் மாற்றப்பட்டன. 2022 ஜனவரி 31 வரை அவகாசம் அளிக்கப்பட்டது. 250க்குக் குறைவான பணியாளரும் ஒரு கோடி டாலருக்குக் குறைவான ஆண்டு வருவாயும் உடைய சிறு நிறுவனங்கள், தனிப்பட்ட பயன்பாடு, கல்வி, வணிகநோக்கற்ற திறமூலப் பணி ஆகியவற்றுக்கு அது இலவசம். ஏனையோர் சந்தா செலுத்த வேண்டும். அரசு அமைப்புகளும் இவ்வகையிலேயே அடங்கும்.

இதன் விளைவு யாது? நேற்றுவரை கட்டணமின்றிப் பெற்ற கருவி, பொறியாளரின் மேசையில் எம்மாற்றமுமின்றி இருக்கையிலேயே, அலுவலகத்தின் மீது பணப்பொறுப்பைச் சுமத்திவிடுகிறது. கொள்முதல் கோப்பும் இல்லை, நிதி ஒப்புதலும் இல்லை. நிபந்தனைகளுக்கு இசைவு தந்தவர் ஒரு பொறியாளர். தணிக்கையில் விடை கூற வேண்டியது துறையே.

பாட்மன், ராஞ்சர் டெஸ்க்டாப் போன்ற திறமூலக் கருவிகளும் உள்ளன. பொதுத் தரத்தில் அமைந்த பொதிகளை அவற்றிலும் இயக்கலாம். எனினும் உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று முடிவு கட்டுதல் தவறு. மாற்றியமைக்கும் காலம், பயிற்சி, பழுது நீக்கும் உழைப்பு ஆகியனவும் செலவினங்களே. சந்தாத் தொகையை இவற்றோடு ஒப்பிட்ட பின்னரே முடிவெடுத்தல் முறையாகும். சில இடங்களில் சந்தாவே சிக்கனமாகவும் அமையலாம்.

இந்திய அரசு 2015இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் கொள்கை, மூடிய மூலநிரல் மென்பொருளோடு திறமூல மென்பொருளையும் பரிசீலிக்குமாறு பணிக்கிறது. அக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க மூன்று பணிகள் தேவை. அலுவலகக் கணினிகளில் உள்ள கருவிகளையும் அவற்றின் உரிமங்களையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். ஆண்டுதோறும் நிபந்தனைகளை மீண்டும் படித்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவிக்கே உரிய வசதிகளைச் சாராது, பணிகளைப் பொதுத் தரத்திலேயே அமைத்தல் வேண்டும். கருவியை மாற்றும் உரிமை தன் கையில் உள்ள அலுவலகமே, விலையைப் பற்றியும் உறுதியுடன் பேச இயலும்.