விளக்கு எரியாத பழுதுகள்



கொல்லிமலையிலிருந்து காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதை பழகாதவர் ஓட்டி வரும் கார் பாதி வழியில் ஓரங்கட்டி நிற்கிறது. முன் சக்கரத்திலிருந்து லேசான புகை, மூக்கைத் துளைக்கும் கருகல் நெடி. டாஷ்போர்டிலோ ஒரு விளக்கும் எரியவில்லை. பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என்று சொல்ல, நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் விளக்கே கிடையாது. கிளட்ச் தேய்வதற்கும், ஒயரின் மேலுறை உருகுவதற்கும், பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கசிவதற்கும் அப்படித்தான். அங்கெல்லாம் மூக்குதான் மீட்டர்.

பிரேக் பேடில் உராயும் பொருளைப் பிணைத்து வைத்திருப்பது ஒருவகைப் பிசின். இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் அது தீய்ந்து நாறுகிறது. அதோடு போனால் பரவாயில்லை. அடுத்து சூடேறுவது பிரேக் ஆயில். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. நெடி வந்ததுமே நிறுத்தி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் பழுத்த டிஸ்க் விரிசல் விடலாம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது, பிரேக் இப்படிச் சூடேறக் கூடாது என்பதற்காகத்தான்.

மேலே ஏறும்போது ஏறக்குறைய இதே கருகல் வந்தால் சந்தேகம் கிளட்ச் மேல் விழ வேண்டும். மேட்டில், நெரிசலில், பாதி கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறவர்களுக்கு இது வாடிக்கை. இன்ஜின் உறுமுகிறது, வண்டி மட்டும் இழுக்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சமதளச் சாலையில், ஒரே ஒரு சக்கரத்தருகே மட்டும் கருகல் வந்து அந்த வீல் தொட முடியாதபடி சுட்டால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது.

இனி, ஏமாற்றும் வாசனை ஒன்று. காருக்குள் பாகு காய்ச்சுவதுபோல இனிப்பாக மணக்கும். அது கூலண்ட். அதிலுள்ள எத்திலீன் கிளைகால்தான் அந்த இனிப்புக்குக் காரணம். ஹீட்டர் பக்கம் கசிந்தால் முன் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படலம் படியும். முன்னிருக்கைக்குக் கீழே விரிப்பு நனைந்திருக்கும். நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். போடாவிட்டாலும் பல கார்களில் கூலண்ட் அதன் வழியே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. தரையில் சொட்டியதையும் உடனே கழுவிவிட வேண்டும். இனிப்புக்காக நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் கட்டுப்பாடில்லாமல் சார்ஜ் ஏற்றினால் ஆசிட் பேட்டரி கொதித்து ஹைட்ரஜன் சல்பைடைக் கக்கும். கூடவே வரும் ஹைட்ரஜனுக்கு வாசனை இல்லை, ஆனால் ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். சைலன்சர் வழியாகவும் இந்த நாற்றம் வரலாம். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 எரிபொருளில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆகக் குறைந்துவிட்டதால், அதற்கான வாய்ப்பு இப்போது குறைவு.

ஏசி போட்டதும் வரும் ஊறல் வாடை, உள்ளே ஈரத்தில் பிடித்த பூஞ்சை. வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

பிளாஸ்டிக் கருகும் வாடையை அப்படி விட முடியாது. கூடுதல் ஹாரன், கூடுதல் லைட் என்று ஒயரை வெட்டி ஒட்டிய வண்டிகள், எலி கடித்த வண்டிகள், ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று கம்பியைச் சுற்றி வைத்த வண்டிகள் எல்லாம் இதில் மாட்டும். உடனே ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். காலையில் கார் நிற்கும் இடத்தில் பெட்ரோல் வாடை அடித்தாலும் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. இவற்றையெல்லாம் சென்ட் பாட்டிலைத் தொங்கவிட்டு மறைப்பது, இருப்பதிலேயே மோசமான வைத்தியம்.

மூக்குக்கு ஒரு குறை உண்டு: எந்த வாடையும் சிறிது நேரத்தில் பழகிவிடும். தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியாதது, புதிதாக ஏறியவருக்குத் தெரியும். "என்னண்ணே, ஏதோ கருகுற மாதிரி இருக்கே" என்று பின்னிருக்கைக்காரர் கேட்டால் நிறுத்திப் பார்ப்பதே முறை. மெக்கானிக்கிடமும் "ஏதோ நாத்தம்" என்பதோடு விடாமல், ஏற்றத்திலா இறக்கத்திலா, ஏசி ஓடியபோதா, வெளியிலா உள்ளேயா என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாசனையே இல்லாவிட்டால் மூக்கால் பயனில்லை. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்றே மெர்காப்டன் கலக்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் வாசனையில்லாத வாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். எரிவாயுவில் வாசனை சேர்ப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் அதன் பிறகுதான் அங்கே வந்தது. கார் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு அப்படி யாரும் வாசனை சேர்க்க முடியாது. நிறமும் இல்லாத அந்த நச்சுவாயுவிடம் எந்த மூக்கும் தோற்றுப்போகும். ஆகவே நேயர்களே, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியில் காருக்குள் தூங்க வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடவே வேண்டாம்.