படிப்பாரின்றி ஏடில்லை
(பொழிவின் எழுத்துவடிவம்)



படிப்பின் பெருமையைப் பேசுமாறு பணித்தீர்கள். படிப்பாரை இழந்த நூலுக்கு என்ன நேரும் என்பதைச் சொன்னால், அப் பெருமை தானே விளங்கும்.

மாந்தன் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5000 ஆண்டுகள் ஆகின்றன. சுமேரியர் களிமண் பலகையில் முதன்முதல் எழுதியவற்றுள் மிகுதியானவை கூலக் கணக்கும் கால்நடைக் கணக்குமே. நம் மண்ணிலோ, கொடுமணலிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் தமிழி எழுத்தால் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அவை வேந்தன் கல்லில் வெட்டுவித்த ஆணைகள் அல்ல. மக்கள் புழங்கிய கலங்கள். ஒருவன் தன் பெயரைக் கீறினான் எனின், அதனைப் படித்தறிய அண்டையில் மற்றொருவன் இருந்தான் என்பதே பொருள்.

சுட்ட மண் ஈராயிரம் ஆண்டு புதைந்து கிடந்தும் அழியவில்லை. பனையோலைக்கு அத்தகைய வாழ்நாள் இல்லை. செல்லும் ஈரமும் சில நூற்றாண்டுகளுக்குள் அதனைத் தின்றுவிடும். பழைய ஏட்டைப் படிப்பான் ஒருவன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினாலன்றி நூல் பிழையாது. இடையே சில தலைமுறைகள் படியாது விட்டால் போதும். எரியூட்ட வேறு பகைவன் வேண்டா!

அந் நிலைக்கு நம் பழநூல்கள் எத்துணை அருகில் சென்றன என்பதை எண்ணிப் பாருங்கள். 1880இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார் உ.வே.சாமிநாதர். மீனாட்சிசுந்தரனாரிடம் பாடங்கேட்ட பெரும்புலமையர். அவ்வூர்க்கு முறைமன்ற நடுவராக வந்த சேலம் இராமசாமியார், "என்னென்ன படித்தீர்?" என வினவினார். அந்தாதி, கலம்பகம், உலா, பிள்ளைத்தமிழ் என அடுக்கினார் ஆசிரியர். அவற்றிற்கு முற்பட்ட சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார் நடுவர். இல்லை என்பதே விடை! அத்துணைப் பெரும்புலவரும் அதுவரை அந் நூலைப் படித்ததில்லை. இராமசாமியாரே சுவடியொன்றைத் தந்து படிக்கத் தூண்டினார்.

அவ்வொரு வினாவின் விளைவைக் காண்மின்! 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1892இல் சிலம்பும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்து வந்தன. ஈழத்துச் சி.வை. தாமோதரனார் 1887இல் கலித்தொகையை வெளியிட்டார். படிக்க விழைந்த ஒருசிலரால் ஓரினத்தின் நினைவு மீண்டது.

இன்று நூல்களுக்குக் குறைவில்லை. அச்சிலும் உள்ளன, கைப்பேசியிலும் உள்ளன. ஆயினும், முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டது இது: தமிழை மடமடவெனப் பேசும் பிள்ளை, தமிழ்ப் பக்கம் ஒன்றைத் தட்டுத் தடுமாறியே படிக்கிறான். அவனுக்கு அப் பக்கம் செல்லரித்த ஓலையே! திறவாத நூல் எத்துணைப் பளபளப்பாக அடுக்கில் இருந்தென்ன?

மேடையில் தமிழை வாழ்த்துவது எளிது. இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் பிள்ளையை அருகழைத்து, ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நாளையும் சொல்லுங்கள். இராமசாமியார் கேட்ட வினாவை அவனிடமும் கேளுங்கள்: "என்ன படித்தாய்?"

அவ் வினா ஒலிக்கும் வீட்டில் தமிழ் சாகாது.