முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் கல்யாணம் வைத்திருக்கிறீர்களா?

திங்கட்கிழமை காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். 7.30-க்கு ராகு காலம் பிறந்துவிடும். ஐந்து நிமிடம்கூடத் தள்ள முடியாது. அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 7.15-க்குத் தாலி ஏற வேண்டும். கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போனால் திரும்பி வர அரைமணி நேரமாவது ஆகும். ஐயர் வாசலைப் பார்ப்பார், நாதஸ்வரக்காரர் ஐயரைப் பார்ப்பார்! ஆக, 6.30-க்கே கூறை கைமாற வேண்டும். அப்படியானால் தலை பின்னிப் பூ வைக்க விடியற்காலை 4 மணிக்கே உட்கார வேண்டும். முந்தின இரவு 12 வரை வரவேற்பு மேடையில் நிற்க வைத்தால் அந்தப் பெண் எப்போது தூங்குவாள்? வரவேற்பை 9.30-க்கு முடித்துவிடுங்கள். எழுந்ததும் இரண்டு இட்லி கொடுங்கள். விரதமெல்லாம் பெரியவர்களோடு போகட்டும்.

முந்தின நாள் ஞாயிறு. மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். அது கழியட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் 6-க்கு மேல் கிளம்பினால், ஊர் திரும்புகிற கூட்டத்தோடு ஜி.எஸ்.டி. சாலையில் நிற்க வேண்டியதுதான். 4 மணிக்கே புறப்படச் சொல்லுங்கள்.

பத்திரிகையில் மண்டபத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரையும் மறக்காமல் அச்சிடுங்கள். பாதிப் பேர் மின்சார ரயிலில் வந்து சேர்ந்துவிடுவார்கள்.