குறைந்த செலவில் ஒரு பந்தயக் கார்



பாடசாலை அதிபர் ஒருவருக்கு மோட்டார்ப் பந்தயத்தோடு என்ன உறவு என்று உங்களிற் சிலர் வியப்படையலாம். நான் கலைப் பட்டதாரி. என் கையிற் பழகியது சுண்ணக்கட்டியே அன்றித் திருகுசாவி அன்று. ஆயினும் ஒருகொடவத்தையிற் பணிபுரிபவன் மோட்டார் வண்டியை மறந்திருத்தல் இயலாது. பேஸ்லைன் வீதியிலிருந்து அம்பத்தளைப் பக்கம் வீதி பிரியும் அந்தச் சந்தியிற் கொள்கலன் லொறிகளின் முழக்கம் ஓய்வதே இல்லை. மோட்டார் வாகனப் பொறியியலைக் கற்பிக்கும் அரசாங்கப் பயிற்சி நிலையமும் எங்கள் ஊரிலேயே இருக்கின்றது. என்னிடம் தமிழும் சரித்திரமும் படித்த பிள்ளைகளிற் பலர் இன்று கராஜ்களில் வேலை செய்கின்றார்கள்.

அவர்களில் இருவர் மூவர் சேர்ந்து வந்து, "சேர், சேமித்த பணத்திற் பழைய கார் ஒன்றை வாங்கிப் பந்தயத் தளத்தில் ஓடக்கூடியதாக ஆக்க நினைக்கின்றோம். எந்தக் கார் நல்லது?" என்று கேட்பதுண்டு. எந்தக் கார் என்பது என்னைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். வீட்டில் அப்பாவிடம் எடுத்துச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும், அதற்காகவே வருகின்றார்கள். நானும் அந்தத் தந்தையரின் பக்கம் நின்றே இதனை ஆராய்ந்தேன். வேகத்தின் மேல் ஆசை பிறந்துவிட்ட இளைஞனுக்குப் பூட்டிய தளம் கிடையாவிட்டால், நள்ளிரவில் ஆளொழிந்த பெருவீதியே பந்தயத் தளமாகிவிடும். அங்கே எதிரே வருபவன் தான் ஒரு பந்தயத்தினுள் நுழைகிறோம் என்பதை அறியமாட்டான். ஆகவே தளத்தில் ஓடுவதை நான் எதிர்ப்பவன் அல்லன்.

நம் நாட்டில் இந்த விளையாட்டு நேற்று முளைத்ததன்று. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1930களிலேயே தொடங்கியது. களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை, இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாய் இருந்தது. போர் ஓய்ந்தபின் அதே ஓடுபாதையிற் கார்கள் ஓடின. சென்னையை அடுத்த சோழவரத்திலும் இதே கதைதான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தளம் திறக்கப்படும் வரை, தென்னிந்தியாவின் புகழ்பெற்ற பந்தயங்கள் போர்க்கால விமான ஓடுபாதையிலேயே நடைபெற்றன. போர் விமானங்களுக்காக இட்ட பாதை விளையாட்டுக்குப் பயன்பட்டது என்பதில் எனக்குத் தனியானதொரு மகிழ்ச்சி உண்டு.

குறைந்த செலவு என்ற பேச்சில் முதலில் நினைக்கத்தக்கவர் கோயம்புத்தூர்க் கரிவரதன். பந்தயக் கார் என்றாற் சீமையிலிருந்தே வரவேண்டும் என்றிருந்த காலத்தில், அவர் 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் 796 கன சென்ரிமீற்றர் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் சிறு பந்தய வண்டியில் வைத்தார். 'போர்முலா மாருதி' என்ற அந்த வகை பல இளைஞர்களுக்கு முதற்படியாயிற்று. அவர் 1995இல் விமான விபத்தொன்றிற் காலமானார். கோவைக்கு அருகேயுள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சந்தைக்குச் சென்று வரும் காரின் எஞ்சின் பந்தயத்துக்குப் போதும் என்று நிறுவியதே அவருடைய பெருமை.

இனி நமது கேள்விக்கு வருவோம். இலங்கையில் எதனைத் தெரிவது?

காரைத் தெரியுமுன் பிரிவைத் தெரிய வேண்டும் என்பது என் கருத்து. நம் நாட்டுப் போட்டிகளில் 'மினி 7' என்றொரு பிரிவும், போர்ட் லேசர், மஸ்டா கார்களுக்கென 1500 கன சென்ரிமீற்றர் வரையுள்ள பிரிவும், நிசான் மார்ச் கார்களுக்கென 1000 கன சென்ரிமீற்றர் பிரிவும் நடைபெற்று வந்திருக்கின்றன. சமமானவர்களோடு ஓடினாலன்றிக் கற்பதற்கு ஒன்றும் இல்லை. பெரிய எஞ்சின்களின் நடுவே சிறிய காரைக் கொண்டுபோய் நிறுத்துபவன் வழிவிடுவதை மட்டுமே பழகுவான்.

மினியை எல்லோரும் விரும்புவர். அலெக் இசிகோனிஸ் அமைத்து 1959இல் வெளிவந்த அந்தப் பத்தடிக் கார், 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ நெடுந்தூரப் போட்டியை வென்றது. ஆனால் இன்று அது சேகரிப்பாளரின் பொக்கிஷம். கரையோர ஊர்களில் ஓடிய மினியின் அடித்தட்டைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்று தன் கணக்கை அங்கே எழுதியிருக்கும். லேசரும் மஸ்டாவும் ஒரே கருவிலே பிறந்த உடன்பிறப்புக்கள். ஒன்றின் உறுப்பு மற்றதற்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் அவற்றுக்கும் வயது நாற்பதை எட்டுகின்றது.

நான் நிசான் மார்ச்சின் பக்கம் சாய்கின்றேன். 1992இல் வந்த அதன் இரண்டாந் தலைமுறையே நம் பந்தயக்காரர் நாடுவது. ஐரோப்பாவில் 'மைக்ரா' என்ற பெயருடன் விற்பனையாகி, 1993ஆம் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. அவ்விருதை வென்ற முதல் யப்பானியக் கார் அதுவே. 997 கன சென்ரிமீற்றர் எஞ்சின், பதினாறு வால்வுகள், இலகுவான உடல். உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் அலைந்தாற் போதும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை நீங்கள் அறிவீர்கள். 2025இல் தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கிய பின்னரும், தொழிலாளியின் மகனுக்குக் கார் மலிவான பண்டமாகிவிடவில்லை. ஆனால் வாங்கும் விலை செலவின் தொடக்கமே. ரயர், பிறேக், எரிபொருள், எண்ணெய், காரைத் தளத்துக்கு ஏற்றிச் செல்லும் வாடகை, இவையே பணத்தைத் தின்பவை. கையிலுள்ள தொகையிற் பாதிக்குமேல் காருக்குக் கொடுத்துவிட்டால், மீதிப் பாதி கடனாகத்தான் வரும். அம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போவது அப்போதுதான். சாதாரண வாகனக் காப்புறுதியும் பந்தயத்தில் நேர்ந்த சேதத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. தளத்திற் கார் நொறுங்கினால் முழு நட்டமும் உங்களுடையதே. இழக்க இயலாத காரை அங்கே ஓட்டலாகாது.

பாரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். எங்கள் விஞ்ஞான ஆசிரியர் அதைச் சரிபார்த்துத் தந்தார். எண்ணூறு கிலோ எடையுள்ள கார் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிறக்கும் சூடு, ஒரு லீற்றர்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஆயிரத்திருநூறு கிலோ என்றால் ஒன்றரை லீற்றர். வீதியில் எப்போதோ ஒருமுறை நேர்வது, தளத்தில் வளைவுக்கு வளைவு நேர்கின்றது. அத்தனை சூட்டையும் பிறேக்கே தாங்க வேண்டும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்ற தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை வரை கொதியாமலிருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 பாகையே அதற்கு விதித்த எல்லை. எண்ணெய் கொதித்தாற் குமிழி உண்டாகும். குமிழி உண்டானால் மிதி தரைமட்டும் போகும், கார் நில்லாது. கொழும்பின் ஈரக் காற்றில் இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வேண்டியதில்லை.

எனவே காரை வாங்கிய இளைஞன் எஞ்சினைத் தொடாமல் இருக்கட்டும். பிறேக் எண்ணெயும் கட்டைகளும் புதியவை; நல்ல ரயர் நான்கு; அடைப்பில்லாத ரேடியேற்றர்; இரும்புக் கூண்டு, இருக்கைப் பட்டி, தரமான தலைக்கவசம், தீயணைக்கும் கருவி. பணம் முதலில் இவற்றுக்கே. சைலன்சரைக் கழற்றி எறிந்தாற் கார் விரையும் என்பதும் வீண் நம்பிக்கை. அகநானூற்றுத் தலைவன், பூவிலுள்ள வண்டினங்கள் கலையாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு விரைந்தான்; அவனுடைய தேர் தாமதித்ததாகப் புலவர் சொல்லவில்லை.

தியத்தலாவையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2024 ஏப்ரல் 21ஆம் நாள், அங்கே நடைபெற்ற பந்தயத்திற் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அவர்கள் யாரும் வேகத்தை விரும்பிக் கார் கட்டியவர்கள் அல்லர். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பந்தயப் பணியில் நின்றவர்களும் ஆவர். ஆகையாற் பிள்ளையை அனுப்பும் தந்தைக்கு நான் சொல்வது இதுதான்: முதல்நாள் நீங்களும் போங்கள். பார்வையாளர் எங்கே நிற்கின்றார்கள், அவர்களுக்கும் பாதைக்கும் நடுவே என்ன இருக்கின்றது, வைத்திய வண்டி வந்திருக்கின்றதா, கொடி காட்டுவோர் தம் இடத்தில் நிற்கின்றார்களா என்று பாருங்கள். நாடா ஒன்றையன்றி வேறு தடுப்பு இல்லையென்றால் மகனையும் அழைத்துக்கொண்டு திரும்பி விடுங்கள். அவன் கோபிப்பான், கோபிக்கட்டும்.

தளம் ஒழுங்காக இருந்தால் ஓடவிடுங்கள். ஒரு கொப்பியைக் கையிற் கொடுத்து, எத்தனை சுற்று ஓடினான், ரயரிற் காற்று எவ்வளவு, ரேடியேற்றரின் சூடு எங்கே நின்றது என்று ஒவ்வொரு முறையும் எழுதச் சொல்லுங்கள். ஐந்தாறு சுற்றுக்கு மேல் முதல்நாள் வேண்டாம். கடைசிச் சுற்றை மெதுவாக ஓடி, பிறேக்கை ஆறவிட்டு உள்ளே வரவேண்டும். வந்தபின் கைப்பிறேக்கை இழுத்து நிறுத்தக் கூடாது. கொதிக்கும் இரும்பு இறுகிக் கொள்ளும். காரைக் கியரில் விட்டு, சில்லுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தாற் போதும்.