செட்டியார் கடையில் டைனோசர்

நவராத்திரி வந்தால் எங்கள் வீட்டில் கொலு உண்டு. படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். உச்சியில் தெய்வங்கள், கீழே வர வர மனிதர்கள், விலங்குகள். பண்ருட்டிப் பொம்மைகளும், மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற விளாச்சேரிப் பொம்மைகளும் பழைய செய்தித்தாளை உதறிக்கொண்டு பரணிலிருந்து இறங்கும்.

ஒரு வருஷம், பலசரக்குக் கடை விரித்து உட்கார்ந்திருந்த செட்டியார் பொம்மைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் டைனோசர் நின்றது. "அது அரிசி வாங்க வந்திருக்குப்பா" என்றான் சின்னவன். எடுக்கப் போனால் அழுகை. "ஓரறிவு உயிரிலிருந்து படிப்படியா ஏறுறதுதானே கொலு? அதுவும் உயிர்தான், இருக்கட்டும்" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாட்டி சொன்னபிறகு அப்பீல் ஏது? அடுத்தடுத்த வருஷங்களிலும் அந்த வாடிக்கையாளர் தவறாமல் வந்தார்.

கொலுவில் இருக்கும் மரப்பாச்சிப் பொம்மை செம்மரத்தில் கடைந்தது. பெரியவள் அதைப் பட்டுப்பாவாடையோடு குளிப்பாட்டிவிட்டு, "எண்ணெய் தேய்க்க மறந்துட்டேன்" என்று மறுபடியும் குளிப்பாட்டுவாள்.

 

சரஸ்வதி பூஜையன்று பிள்ளைகளுக்கு வரும் பக்தியைப் பார்க்க வேண்டுமே! கணக்குப் புத்தகம்தான் முதலில் போகும். ஒருமுறை சின்னவனின் ரேங்க் கார்டும் போனது. "கையெழுத்துப் போடணுமேடா" என்றேன். "பூஜையில வெச்சதை எடுக்கக் கூடாதுப்பா" என்றான்.

விஜயதசமியன்று புத்தகத்தை எடுத்து ஒரு வரியாவது படிப்பது வழக்கம். அவனும் படித்தான். அட்டையில் போட்டிருந்த விலையைச் சத்தமாகப் படித்துவிட்டு, விளையாட ஓடிவிட்டான்.