நான் பைய வாறேன்

வானொலி அருளுரை: தவக்காலம் இரண்டாம் ஞாயிறு



தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு ஆண்டுதோறும் நம்மை ஒரு மலைக்கு அழைத்துப் போகிறது. பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு ஆண்டவர் உயர்ந்த மலைமேல் ஏறினார். அங்கே அவருடைய தோற்றம் மாறியது. பேதுருவுக்கு இறங்கிவர மனமே இல்லை. ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல்காட்டு மக்களுக்கு இது கொஞ்சம் அந்நியமான காட்சிதான். நமக்குத் தெரிந்தது சமதரை. மழை பெய்தால் காலை விடாத மண், கோடையில் பாதம் நுழையும் வெடிப்பு. மலை என்பது தூரத்தில் நீலமாகத் தெரிகிற ஒன்று.

அதனால்தான் எங்கள் பங்கு இளையோர் இந்தத் தை மாதம் மலை ஏறவேண்டும் என்று கேட்டபோது மறுக்க முடியவில்லை. அதிகத் தூரம் போகவில்லை, வல்லநாட்டுக்குத்தான் போனோம். தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் போகிறதே, அதே வல்லநாடு. தாமிரபரணிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் அந்த மலையும் அடிவாரக் காடும் 1987 முதல் வெளிமான் சரணாலயம். பதினாறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெரிய காடு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களில் தெற்குக் கோடி இதுதான். நம் வீட்டு வாசலில் இப்படி ஒரு சிறப்பு இருப்பது எங்களில் பாதிப்பேருக்கு அன்றுவரை தெரியாது.

வனத்துறை அனுமதியோடு, ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் வழிகாட்ட, விடியற்காலையில் 24 பேர் கிளம்பினோம். ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற நடை. தமிழ்நாடு அரசு 2024-ல் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்களே, அந்தக் கணக்கில் இதை நடுத்தரம் எனலாம். காலுக்கடியில் உருளும் கல், இருபுறமும் முள். குடை விரித்ததுபோல் நிற்கும் குடைவேல மரங்களைத் தவிர நிழல் கிடையாது.

காவலர் முதலிலேயே இரண்டு விஷயம் சொன்னார். தண்ணீர் பாட்டில் அவரவர் கையில் இருக்கவேண்டும். எல்லாருக்கும் பின்னால் ஒருவர் வரவேண்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக்கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்கலாம். காட்டில் வேலை செய்பவர்கள் மறப்பதில்லை. நாங்கள் தலையை ஆட்டினோம். பின்னால் வர ஒரு தம்பியை நியமித்தோம். அத்தோடு அந்தப் பேச்சை மறந்தோம்.

எங்களோடு எங்கள் உபதேசியாரும் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். வந்திருந்த பிள்ளைகளில் பலருக்கு முதல் நன்மைக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர். ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. நல்ல மனது படைத்த ஒரு தம்பி ஓடிவந்து, "தாத்தா, பையக் குடுங்க, நான் சுமக்கேன்" என்று வாங்கிக்கொண்டான். "நீங்க முன்னால போங்கப்பா, நான் பைய வாறேன்" என்றார் அவர். நம் பக்கத்தில் 'பைய' என்றால் மெதுவாக என்று பொருள் என்பதை மற்ற ஊர் நேயர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம்.

போனோம். உச்சிக்குப் போய்ப் படம் எடுக்கிற அவசரம். பின்னால் வரவேண்டிய தம்பிக்கும் அந்த அவசரம் தொற்றிக்கொண்டது. ஒரு திருப்பத்தில் காவலர் நின்று எண்ணினார். 23. "கடைசி ஆளு எங்க?" என்று கேட்டார். "உபதேசியார்தான், பைய வந்துருவாரு" என்றது எங்கள் கூட்டம். காவலர் கோபப்படவில்லை. "அவருகிட்டத் தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

தண்ணீர் பையில் இருந்தது. பை எங்களிடம் இருந்தது.

அன்பானவர்களே, அந்த நிமிடத்தைத்தான் இன்று உங்களோடு பகிர நினைத்தோம். நாங்கள் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை, உதவித்தான் செய்தோம். அவருடைய சுமையை இறக்கிவிட்டோம் என்ற நிம்மதியோடு நடந்தோம். அந்த நிம்மதிதான் எங்களைத் திரும்பிப் பார்க்கவிடாமல் செய்தது. காணாமற்போன ஆட்டின் உவமை நமக்கு மனப்பாடம். அதில் ஆடு வழிதவறுகிறது. வல்லநாட்டில் ஆடு பாதையிலேயேதான் இருந்தது, மந்தைதான் தவறிவிட்டது.

காவலரோடு நான்கு பேர் இறங்கி ஓடினோம். ஒரு குடைவேல மரத்தின் அரை நிழலில், கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது, கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்றார். நல்லவேளை, மயங்கி விழவில்லை. காவலர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்து, துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டார். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. பையைத் தூக்கிய தம்பி அழுதுகொண்டு நின்றான். "நீ ஏம்ல அழுத? வெயிலு என்ன, நீயா அடிச்ச?" என்று அவனைத் தேற்றியதும் அவர்தான்.

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எடுத்து வாசியுங்கள். இறைவாக்கினர் எலியாவும் இப்படித்தான் பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் சோர்ந்து கிடந்தார்; சாவு வந்தால் போதும் என்றிருந்தார். அவரிடம் வந்த வானதூதர் சுமை எதையும் வாங்கிக்கொண்டு போகவில்லை. அவரைத் தட்டி எழுப்பினார். தலைமாட்டில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார். வானதூதர் சலித்துக்கொள்ளாமல் இரண்டாம் முறையும் வந்தார். ஓரேபு மலைக்கு 40 நாள் நடை அதற்குப் பிறகுதான்.

நம் ஊர்களைப் பார்க்கிறோம். பிள்ளைகள் தூத்துக்குடிக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போயிருக்கிறார்கள். ஓட்டுவீடு தட்டடி வீடாகிவிட்டது; மாதம் தவறாமல் பணம் வருகிறது. அம்மா நிலம் பார்க்கவேண்டாம், களையெடுக்கப் போகவேண்டாம். சுமையெல்லாம் வாங்கியாயிற்று. ஆனால் கண்ணில் புரை விழுந்த அந்த அம்மா மாத்திரை அட்டையைத் தடவிப் பார்த்து, இது காலைக்கா ராத்திரிக்கா என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நற்கருணை கொண்டுபோகிற வீடுகளில் இதைப் பார்க்கிறோம். பிள்ளைகளைக் குறைசொல்ல வரவில்லை, பிழைப்பு அப்படி. பங்கு என்ற முறையில் நாமும் அதையேதான் செய்கிறோம். முதியோருக்குக் கிறிஸ்து பிறப்புக்குச் சேலை கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், முன்னால் போய்விடுகிறோம்.

யாக்கோபு ஒரு நல்ல மேய்ப்பன். தொடக்கநூல் 33-இல், சேர்ந்து போகலாம் என்று கூப்பிட்ட அண்ணன் ஏசாவை முன்னே போகச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைகளும் பால் கொடுக்கும் ஆடுமாடுகளும் எந்த வேகத்தில் நடக்குமோ அந்த வேகத்தில் தான் வருவதாகச் சொல்கிறார். ஒரே ஒரு நாள் விரட்டினாலும் மந்தை செத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும். நம் கரிசலில் கிடை போடுகிறவர்களைக் கேட்டால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள். குட்டி போட்ட ஆடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் கிடையும் நிற்கும்.

மறுபடி கிளம்பும்போது அந்தத் தம்பி பையைத் தயக்கத்தோடு நீட்டினான். உபதேசியார் அதைத் திறந்து பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டார். "தண்ணிய நான் வச்சுக்கிடுதேன். பைய நீயே கொண்டா" என்றார். உச்சிக்குப் போகவில்லை. மேலே காத்திருந்தவர்களும் இறங்கி வந்தார்கள். காவலர் ஒரு குறுக்குப் பாதையில் மறுபக்கம் கூட்டிப்போனார். காவலருக்கு அடுத்து உபதேசியார். அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும். அவர் நின்றால் நின்றோம். அப்படி நின்ற ஓரிடத்தில்தான், கீழே புல்வெளியில், திருகுக் கொம்போடு கறுத்த கிடா ஒன்றும் அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்மான்களும் எங்களைப் பார்த்தபடி நின்றதைக் கண்டோம். படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வேன் நின்ற இடத்துக்கு வந்ததும் காவலர் இன்னொரு தடவை எண்ணினார். 24.